சக்தி மாத்திரை வாங்கும் முன்: லால்பேட்டைக்கு ஒரு திறந்த மடல்

லால்பேட்டையில் சர்க்கரையோடு வாழும் பெரியவர்களுக்கும், துபாய், ரியாத், சிங்கப்பூர் என்று வேலை பார்த்தபடி அவர்களுடைய மருந்துச் செலவைச் சுமக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன்.

செல்லுக்குச் சக்தி கூட்டும், மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும், அதனால் சர்க்கரை இறங்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றியது இந்த மடல். அவை வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் காட்டுமன்னார்கோயில் பக்கமும் வீடு தேடி வருகின்றன. ஒரு டப்பா வாங்கும் காசில், சர்க்கரைக்கு வழக்கமாகத் தரும் மெட்ஃபார்மின் பல மாதத்துக்கு வரும். வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த விளம்பரத்தின் அடியில் இருப்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த பாடம். மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம். சர்க்கரை வந்தவருக்கு ஓயாத அசதி. ஆகவே ஆற்றல் நிலையம் படுத்துவிட்டது. முட்டுக்கொடுத்து நிமிர்த்தினால் நோய் இறங்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது படியில் கால் இடறுகிறது. சர்க்கரை நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேரும் பெரிய கேடு, அது பிளவதிலும் மறுபடி ஒட்டிக்கொள்வதிலும் இருக்கவேண்டிய ஒழுங்கு குலைவதுதான் என்பது என் வாதம். சக்திக் குறைச்சல் இருந்தால்கூட அது பல சமயம் இந்தக் குலைவின் பின்விளைவு. இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால் எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது தன்னால் தெளியும்.

முதலில் நம் நிலைமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் துணையோடு நாடு முழுக்க நடந்த இண்டியாப் ஆய்வின் தொகுப்பு 2023-இல் வெளிவந்தது. 20 வயது கடந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், பக்கத்துப் புதுச்சேரியில் 26.3. வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் நம்மவர்களுக்கு உடம்பு பெருக்கும் முன்பே, வயதும் ஏறும் முன்பே நோய் வந்துவிடுகிறது. ஏன் என்ற கேள்விக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பதில் பிரபலமானது. உடல் பருத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோரின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சிறுத்துக் கிடக்கிறது என்று 2002-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தார், சர்க்கரை நோயாளிகளுக்குப் பிறந்து, தாங்கள் இன்னும் நோய்க்கு ஆளாகாத, ஆனால் இன்சுலினுக்கு உடம்பு மசியாத இளைஞர்களைச் சோதித்தார்கள். அவர்களுடைய தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. சக்திக் குறைவுதான் வேர்க் காரணம் என்று பலரும் முடிவு கட்டியது அப்போதுதான். இன்றைய மாத்திரை விளம்பரங்கள் அந்தக் காலத்தின் எச்சம் என்றே நினைக்கிறேன்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தியர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா மிகவும் நோஞ்சானாக இருக்கவேண்டும். மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் தலைமையிலான குழு இதை நேரடியாகவே பார்த்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ள இந்தியர் 13 பேர், நோய் இல்லாத இந்தியர் 13 பேர், நோய் இல்லாத வட ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர் 13 பேர். மூன்று அணியிலிருந்தும் தசையில் ஒரு துணுக்கு எடுத்து மைட்டோகாண்ட்ரியாவின் திறனை அளந்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியது. இரண்டு இந்திய அணிகளிலும் இன்சுலின் எதிர்ப்பு அதிகம். ஆனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கும் திறன் அமெரிக்கர்களைவிட இந்தியர்களுக்கே கூடுதல். இன்னும் முக்கியமானது, நோய் உள்ள இந்தியருக்கும் நோய் இல்லாத இந்தியருக்கும் அந்தத் திறனில் வித்தியாசமே தென்படவில்லை. மொத்தம் 39 பேர்தானே, அதுவும் அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஊரெல்லாம் பொருந்தும் விதி ஒன்றை நிறுவ 39 பேர் போதாதுதான். ஆனால் 'எல்லாம் சக்திக் குறைவால் வருவது' என்ற விதியை உடைக்க, சக்தி குறையாமலே நோய் வந்த 13 பேர் போதும். வீராணம் ஏரி 47.5 அடி முழுக் கொள்ளளவுக்கு நிரம்பி நிற்கும் நாளிலும் ஒரு வாய்க்கால் வறண்டு இன்னொன்று உடைத்துக்கொண்டு ஓடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பார்க்கவேண்டியது மதகை, இன்னும் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருவது என்பதை இல்லை.

அந்த மதகு எது என்பதற்கு வருகிறேன். பாடப்புத்தகப் படத்தில் மைட்டோகாண்ட்ரியா நீள்வட்டமாக, தனித்தனியாக, அசையாமல் கிடக்கும். உயிருள்ள செல்லில் அது அப்படி இருப்பதில்லை. நீண்ட இழைகளாக நெளிகிறது, கிளைக்கிறது, துண்டாகிறது, துண்டுகள் ஒன்றையொன்று தொட்டு மறுபடி ஒரே இழையாகின்றன. கோழிக்குஞ்சுக் கருவின் செல்களில் இதைக் கண்ணால் பார்த்து மார்கரெட் லூயிஸ், வாரன் லூயிஸ் தம்பதியர் 1914-இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பிளக்கும் கருவி எது என்று தெரிய இன்னும் எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1990-களின் இறுதியில் ஈஸ்ட்டில் நடந்த ஆய்வுகளில்தான் பிடிபட்டது. (நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்ட ஒன்று பள்ளிப் படங்களில் இன்னும் ஏறவில்லை என்பது வேறு சங்கதி.)

பிளவு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இழையின் பருமன் சுமார் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பிளக்க முதலில் வருவது வெட்டுக்கருவி இல்லை. செல்லெங்கும் பரவிக் கிடக்கும் எண்டோபிளாச வலையின் ஒரு கை வந்து, வெட்டவேண்டிய இடத்தில் இழையைச் சுற்றி வளைத்து இறுக்குகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜியா வோல்ட்ஸ் குழு 2011-இல் இதைக் காட்டியது. அந்த இடத்தில் ஆக்டின் இழைகள் சேர்ந்து இன்னும் நெருக்குகின்றன. இடுப்பு ஒடுங்கிய பிறகுதான் டிஆர்பி1 என்ற புரதம் செல் திரவத்திலிருந்து வந்து, மைட்டோகாண்ட்ரியாவின் மேல் நிற்கும் எம்எஃப்எஃப் போன்ற ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. ஒன்று, பத்து, பல பத்து என்று கோத்துக்கொண்டு இழையைச் சுற்றி வளையமாகிறது. பிறகு ஜிடிபி என்ற மூலக்கூறை உடைத்துக் கிடைக்கும் ஆற்றலில் வளையம் சுருங்குகிறது. கடைசி அறுப்பை டைனமின்-2 என்ற இன்னொரு புரதம் செய்கிறது என்று 2016-இல் சொன்னார்கள். அது இல்லாத செல்லிலும் பிளவு நடக்கிறதே என்று பிறகு வந்த ஆய்வுகள் மறுத்தன. ஒட்டவைக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: வெளிச்சவ்வுக்கு மைட்டோஃபியூசின், உட்சவ்வுக்கு ஓபிஏ1.

இவ்வளவு பாடுபட்டு வெட்டுவது ஏன்? செல் இரண்டாகும்போது மகள் செல்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கவேண்டும், அது ஒன்று. ஆனால் இரண்டாகாமலே பல்லாண்டு உழைக்கும் நரம்புச் செல்லிலும் இதயத் தசையிலும் வெட்டு நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கான விடையில் ஒரு பெரிய பகுதி, பொருத்தமாக, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலிருந்து கிடைத்தது. ஓரியன் ஷிரிஹாய், கிலாட் ட்விக் குழு 2008-இல் இவ்வகைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பார்த்தது. ஒன்று இரண்டாகும்போது பிறக்கும் இரண்டும் பல சமயம் சமமாக இருப்பதில்லை. ஒன்றில் சவ்வின் மின்னழுத்தம் நன்றாக இருக்கிறது, மற்றதில் சரிந்திருக்கிறது. தெம்பானது கூட்டத்தோடு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. சரிந்தது தேறிவந்தால் சேர்த்துக்கொள்ளப்படும். தேறாவிட்டால் ஒதுக்கி நிறுத்தப்பட்டுச் செல்லின் கழிவு அகற்றும் ஏற்பாட்டுக்குப் போகும். ஆக, பிளவு என்பது கெட்டதை நல்லதிலிருந்து பிரித்து எடுக்கும் வேலை. பிரிக்காமல் விட்டால் பழுது இழை முழுக்கக் கலந்துவிடும். 2021-இல் ஸ்விட்சர்லாந்தில் சுலியானா மேன்லியின் ஆய்வகம் இதற்கு மேலும் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. இழையின் நடுவில் விழும் வெட்டு பெருக்கத்துக்கு. முனையருகே விழும் வெட்டு பழுதைக் கழிப்பதற்கு. அதே டிஆர்பி1 இரண்டு இடத்திலும் வேலை செய்தாலும், அதைக் கூட்டிவரும் ஏற்பிகள் வேறு. எவ்வளவு வெட்டு என்பதோடு எங்கே வெட்டு என்பதும் கணக்கில் வருகிறது.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இந்த வேலை கெடுகிறது. செல்களைச் சர்க்கரை மிகுந்த திரவத்தில் போட்டதும் மைட்டோகாண்ட்ரியா விறுவிறுவெனத் துண்டு துண்டாவதை யூன் குழு 2006-இல் காட்டியது. கூடவே செல்லை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பொங்கி வந்தன. பிளவைத் தடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதே சர்க்கரையில் அந்தப் பொங்கல் அடங்கிவிட்டது. சர்க்கரைக்கும் சேதத்துக்கும் நடுவில் பிளவு ஒரு கண்ணியாக நிற்கிறது என்பதற்கு இது வலுவான சாட்சி. ஆய்வுத்தட்டில் வளர்ந்த செல்தானே என்று ஒதுக்கமுடியாதபடி, 2011-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாய் உள்சுவரிலிருந்தே செல் எடுத்துப் பார்த்தார்கள். அங்கும் மைட்டோகாண்ட்ரியா வலைப்பின்னல் சிதைந்திருந்தது. பிளவோடு தொடர்புடைய ஃபிஸ்1 புரதம் கூடியிருந்தது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் போடோசைட் செல்களில், சர்க்கரை ஏறியதும் ஒரு நொதி டிஆர்பி1-ஐ முடுக்கிவிடுகிறது என்பது 2012-இல் எலியில் தெரிந்தது. அந்தச் செல்களிலிருந்து டிஆர்பி1-ஐ நீக்கிய சர்க்கரை எலிகளுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவது குறைந்தது. சர்க்கரை நோயாளிக்குக் கண், கிட்னி, இதயம், கால் என்று ஏன் ஒவ்வொன்றாகப் போகிறது என்று வீட்டில் கேட்பீர்களே, அதற்கு இது முழுப் பதில் ஆகாது. ஆனால் தொடர்பில்லாதவை போலத் தோன்றும் அந்த உறுப்புகளின் செல்களுக்குள் நடக்கும் கேட்டில் ஒரு பொதுக்கூறு இது.

காலை எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் மதமதப்பு, இரவில் எரிச்சல், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடப்பது. பாதத்தின் உணர்வைக் கொண்டுவரும் நரம்புச் செல்லின் உடல் முதுகெலும்புக்கு அருகில் இருக்கிறது. அதன் கம்பி கால் விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஓடுகிறது. அந்தக் கடைக்கோடிக்கும் மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேரவேண்டும். சரியான அளவில் துண்டானால்தான் அந்தக் குறுகிய கம்பிக்குள் பயணம் நடக்கும். அளவுக்கு மீறித் துண்டானால் வழியிலேயே நொந்துபோகும். இந்த ஒழுங்கு எவ்வளவு நுட்பமானது என்பதைச் சர்க்கரையே இல்லாத ஒரு பரம்பரை நோய் சொல்கிறது. ஷார்கோ-மாரி-டூத் என்ற நரம்புத் தேய்வு நோயில் ஒரு வகைக்குக் காரணம் ஒட்டவைக்கும் மைட்டோஃபியூசின்-2 மரபணுவில் பிழை, 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொரு வகைக்குக் காரணம் பிளவோடு தொடர்புடைய ஜிடிஏபி1 மரபணுவில் பிழை. ஒட்டுவது கெட்டாலும் பிளப்பது கெட்டாலும் முதலில் அடிவாங்குவது நீளமான நரம்புகள், அதாவது பாதம்.

சரி, சர்க்கரை நோயில் பிளவு மிதமிஞ்சிப் போகிறது என்றால், பிளவைத் தடுக்கும் மாத்திரை ஒன்று போதுமே என்று கேட்பீர்கள். விஞ்ஞானிகளும் அப்படித்தான் கேட்டார்கள். 2008-இல் எம்டிவி-1 என்ற வேதிப்பொருள் வந்தது. டிஆர்பி1-ஐ முடக்கும் என்று சொன்னார்கள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் அதைப் பயன்படுத்திவிட்ட பிறகு, 2017-இல் ஒரு குழு மெனக்கெட்டுச் சரிபார்த்தது. அவர்கள் பார்த்தவரை அது டிஆர்பி1-ஐ முடக்கவே இல்லை; மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத் தொடரில் முதல் கூட்டமைப்பைத் தடுத்துக்கொண்டிருந்தது. சர்ச்சை ஓயவில்லை. தேர்ந்த ஆய்வகங்களுக்கே தங்கள் கையிலுள்ள பொருள் எதைச் செய்கிறது என்று ஒன்பது ஆண்டு கழித்துச் சந்தேகம் வந்தது என்றால், டப்பாவின் மேல் அச்சிட்ட வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பிளவை ஒரேயடியாக நிறுத்தினால் ஆள் பிழைப்பதில்லை. டிஆர்பி1 மரபணுவில் பிழையோடு பிறந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றி 2007-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். தலை சிறுத்து, மூளை வளராமல், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி, 37-ஆம் நாளில் அது இறந்துபோனது. வளர்ந்த எலியின் இதயத்தில் டிஆர்பி1-ஐ எடுத்துவிட்டால் இதயம் வீங்கி எலி சாகிறது. தசையில் எடுத்தால் தசை கரைகிறது. பீட்டா செல்லில் எடுத்தால் சர்க்கரைக்கு ஏற்ப இன்சுலின் விடும் திறன் குறைகிறது. ஒரு சர்க்கரை நோயாளிக்குக் கிட்னியில் குறைக்கவேண்டியதைக் கணையத்தில் குறைக்கக்கூடாது! உடம்பு முழுக்கப் பரவும் ஒரு மாத்திரை இந்த நுணுக்கத்தை எப்படிக் காக்கும்? முயற்சிகள் நடக்கின்றன, நடக்கட்டும். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிக்கு எழுதிக் கொடுக்கக்கூடிய பிளவுத் தடை மருந்து எதுவும் இல்லை.

எதிர்முனையிலிருந்தும் ஒரு வாதம் வரும். பிளவு, இணைவு எல்லாம் இருக்கட்டும். வைட்டமின் மாதிரி ஒன்றுதானே, நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்று. நன்மையைப் பற்றிய கணக்கு நம்மிடம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரம் என்று பரவலாக விற்கப்படும் நிகோடினமைடு ரைபோசைடை, உடல் பருத்து இன்சுலின் எதிர்ப்பு வந்த 40 ஆண்களிடம் டென்மார்க்கில் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நாளுக்கு 2000 மில்லிகிராம், 12 வாரம். இன்சுலினுக்கு உடல் மசிவது துளியும் மேம்படவில்லை என்று 2018-இல் அறிவித்தார்கள். கெடுதல் என்று பார்த்தால், மாத்திரையால் வரும் கெடுதலைவிட மாத்திரை தரும் நம்பிக்கையால் வரும் கெடுதலுக்குத்தான் நான் அஞ்சுகிறேன். விலை கூடிய ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டது என்ற தைரியத்தில், சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கும் மெட்ஃபார்மினை ஒருவர் நிறுத்திவிடுகிறார் என்று வையுங்கள். சர்க்கரை ஏறும்; மேலே சொன்ன அத்தனை கேடும் ஓசையில்லாமல் தொடங்கும். மூன்று மாதச் சராசரி பார்க்கும்போதுதான் தெரியவரும்.

அப்படியானால் பிளவை ஒழுங்குக்குக் கொண்டுவர எதுவுமே இல்லையா? இருக்கிறது, பெயரைக் கேட்டால் சப்பென்று இருக்கும். உடற்பயிற்சி. வயதான, உடல் பருத்த, இன்சுலின் எதிர்ப்புள்ளவர்களை 12 வாரம் பயிற்சி செய்யவைத்து, முன்னும் பின்னும் தசைத் துணுக்கு எடுத்த ஆய்வொன்று 2014-இல் வந்தது. டிஆர்பி1-ஐ முடுக்கிவிடும் வேதிக் குறி பயிற்சிக்குப் பிறகு குறைந்திருந்தது. அது எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்பக் கொழுப்பை எரிக்கும் திறனும் இன்சுலினுக்கு மசிவதும் மேம்பட்டிருந்தன. எலியிலோ தட்டிலோ இல்லை, மனிதத் தசையில். மெட்ஃபார்மினும் டிஆர்பி1 வழியாக வேலை செய்து ரத்தக்குழாய் அடைப்பைக் குறைக்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் அது எலியில். அதை அந்த அளவுக்கே மதிக்கவேண்டும். மெட்ஃபார்மின் சாப்பிட அந்தக் காரணமும் தேவையில்லை, வேறு வலுவான காரணங்கள் ஏராளம்.

நடையைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே எடுத்த கணக்கு இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு அணியாகப் பிரித்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினமும் அரைமணி வேக நடையும் உணவுக் கட்டுப்பாடும் என்று தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் தெரியவில்லை. 2006-இல் வெளியான இந்த ஆய்வு மைட்டோகாண்ட்ரியாவை அளக்கவில்லை, ஆகவே பிளவு ஒழுங்கானதால்தான் பலன் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. சொல்லவருவது வேறு. செல்லுக்குள் நடப்பதைப் பற்றிய அறிவும், நம்மைப் போன்றவர்களிடமே எடுத்த தலைக்கணக்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. டப்பாவில் வரும் மாத்திரையைச் சுட்டிக்காட்ட இரண்டில் ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் டாக்டர் ஏற்கனவே சொன்னதுதானே, மைட்டோகாண்ட்ரியாக் கதை எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். ஏன் நடக்கவேண்டும் என்று காரணம் தெரியாதவர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார். அடுத்த விளம்பரத்துக்கு எதிராக அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஏரிக்கரையும் வெள்ளியங்கால் ஓடைப் பக்கமும் நடக்கத் தோதாக இருக்கும் ஊரில், வெயிலைக் காரணம் சொல்லும் ஆண்களுக்குப் பஜ்ர் தொழுகைக்குப் பிந்திய நேரம் கிடக்கிறது. பெண்களுக்கு அந்த வசதியும் துணையும் கிடைக்கின்றனவா என்பதை ஜமாஅத்தார்தான் யோசிக்கவேண்டும். வீட்டுக்குள் அடைந்திருக்கும் தாய்மார்களுக்குச் சர்க்கரை விலக்களிப்பதில்லை.

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்கமுடியாது. பட்டினி கிடக்கும் செல்லில் மைட்டோகாண்ட்ரியா பிளவை நிறுத்திக்கொண்டு நீளநீளமாக இணைந்துகொள்கிறது என்று 2011-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. நீண்ட இழைகள் செல்லின் கழிவு ஏற்பாட்டுக்கு இரையாகாமல் தப்புகின்றன. இதைப் படித்தவர் யாராவது, 'பார், நோன்பு வைத்தால் சர்க்கரை தானாகச் சரியாகும்' என்று கைபேசியில் பரப்பக்கூடும். தயவுசெய்து நம்பவேண்டாம். ஊட்டம் நிறுத்தப்பட்ட செல்லுக்கும், காலையில் மாத்திரை போட்டுவிட்டு மாலை வரை வெறும் வயிற்றோடு இருக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் நோன்பு நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கஞ்சி, வடை, சர்பத் என்று நோன்பு திறந்த பிறகு தாறுமாறாக ஏறவும் செய்யலாம். ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது, எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று முடிவு செய்யவேண்டும் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும் அவை சொல்கின்றன. டாக்டர் சொன்னால் பாதி கேட்கும் ஊர், மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியின் ஆலிம்கள் மிம்பரில் சொன்னால் முழுதாகக் கேட்கும்.

வீட்டுக்குள் நடக்கும் ஓர் அநியாயத்தையும் தொட்டுவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே வருகிறது என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்ததால், பிள்ளைக்குச் சர்க்கரை வந்தால் அது உம்மா வீட்டு வழி என்று பழிபோட அது தோதாகிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று உள்ள டிஎன்ஏ தாயிடமிருந்து வருவது உண்மை. அதில் இருப்பது 37 மரபணுக்கள்தான். அதிலுள்ள ஒரு குறிப்பிட்ட பிழையால் காது கேளாமையோடு சேர்ந்து வரும் அரிதான சர்க்கரை நோய் ஒன்று உண்டு. தாய்வழியே வருவது அது. ஆனால் மேலே நான் விவரித்த பிளக்கும் கருவி, ஒட்டும் கருவி அத்தனைக்கும் உரிய மரபணுக்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. டிஆர்பி1-க்கு உரியது 12-ஆம் குரோமோசோமில். அவை அத்தாவிடமிருந்து பாதி, உம்மாவிடமிருந்து பாதி. நம் ஊர்களில் காணும் சாதாரணச் சர்க்கரை நோயின் மரபுப் பங்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதுதான்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அத்தாவுக்கும் உம்மாவுக்கும் ஏதாவது வாங்கி அனுப்பினால்தான் உங்கள் மனம் ஆறும் என்பது புரிகிறது. அந்த டப்பாவின் காசை வேறு வழியில் திருப்புங்கள். நல்ல செருப்பு ஒரு ஜோடி, சர்க்கரை பார்க்கும் கருவியும் அதற்கான ஸ்ட்ரிப்பும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின், கண் விழித்திரைப் பரிசோதனை, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்க்கும் சோதனை. கடைசியாகச் சொன்னது சில நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் கூட்ட நெரிசலில் விட்டுப்போகும். மருத்துவர் எழுதும் மாத்திரை, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மற்றதற்குக் காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனையும், சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. உங்களுக்கும் முப்பது கடந்திருந்தால், அடுத்த விடுப்பில் ஊருக்கு வரும்போது அத்தாவோடு சேர்ந்து வெறும் வயிற்றில் போய் உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.